பதினாறு கிலோ கல்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன். வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவதே பெரிய உத்தியோகமாக இருந்தது. இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. கடைசிப் பத்தியில் நீ வைத்திருந்த குத்தலும் பளிச்சென்று தெரிந்தது. துருவத்துக்குப் போய்ப் பனிக்கட்டியைத் துளைத்து எடுப்பதற்கு இத்தனை செலவா, வரவுப் பக்கத்தில் என்னத்தை எழுதுவார்கள் என்று கேட்டிருக்கிறாய். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் தணிக்கைப் புத்தி உன்னை விடவில்லை.

சரி, ஒரு கணக்கைத் தருகிறேன், தணிக்கை செய். 1912 ஜனவரியில் ஆங்கிலேயரான ஸ்காட்டும் நான்கு தோழர்களும் தென் துருவத்தை அடைந்தார்கள். ஐந்து வாரம் முன்பே நார்வேக்காரரான அமுண்ட்சென் வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார். தோற்ற மனத்தோடு திரும்புகிறார்கள். உணவு குறைகிறது, பனி கை கால்களைத் தின்கிறது. அந்த நிலையில் பியர்ட்மோர் பனியாற்றின் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, குழுவின் விஞ்ஞானியான வில்சன் கல் பொறுக்கினார். மொத்தம் ஏறக்குறைய பதினாறு கிலோ. ஒவ்வொரு அடியும் உயிரைக் கேட்ட பாதையில் அதையும் சேர்த்து இழுத்தார்கள். நவம்பரில் தேடிப் போனவர்கள் கூடாரத்தைக் கண்டபோது உள்ளே மூன்று உடல்கள். கற்கள் பத்திரமாக இருந்தன.

'தேவையற்ற சுமை' என்றுதானே ஓரத்தில் எழுதுவாய்? நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கற்களில் நாக்கு வடிவ இலைகளின் தடம் இருந்தது. குளோசோப்டெரிஸ் என்ற பழங்கால மரத்தின் இலை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் பாறைகளில் கிடைக்கும் அதே இலை. இன்று பனியைத் தவிர வேறொன்றும் தெரியாத இடத்தில் ஒரு காலத்தில் மரங்கள் நின்றன. இந்தக் கண்டங்களெல்லாம் ஒட்டிக் கிடந்தன என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சொன்னதும் அதே 1912-இல்தான். அறிவியல் உலகம் அதை ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது. வகுப்பில் கோண்டுவானா என்ற அந்த ஒட்டிக் கிடந்த பெருங்கண்டத்தைப் பற்றி எத்தனை முறை பாடம் எடுத்திருப்பேன்! அந்த இலையைக் கரும்பலகையில் வரைந்தும் காட்டியிருக்கிறேன். ஆனால் சாகும் தறுவாயில் அதைச் சுமந்து வந்தவர்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

பனிக்கட்டிக்கு வருகிறேன். விழும் பனி ஆண்டுக்கு ஆண்டு அடுக்காகப் படிந்து அழுந்தும்போது, இடையில் இருந்த காற்று குமிழியாகச் சிறைப்படுகிறது. 1965-இல் குளோட் லோரியஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, துளைத்தெடுத்த பழைய பனியில் ஒரு துண்டை விஸ்கியில் போட்டார். குமிழிகள் வெடித்தன. பழங்காலத்துக் காற்றல்லவா இது என்று அப்போதுதான் அவருக்குப் பொறிதட்டியது. (குடியினால் விளைந்த நன்மை என்று நான் அறிந்தது இது ஒன்றுதான்.) பிறகு அண்டார்க்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளைத்து எட்டு லட்சம் ஆண்டுக் காற்றை எடுத்துவிட்டார்கள். அத்தனை காலத்திலும், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இப்போது 420-க்கு மேல். வெறும் ஊகத்தால் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க முடியாது, கமலா. 2025 ஜனவரியில் அதற்குப் பக்கத்திலேயே 2,800 மீட்டர் துளைத்து, பன்னிரண்டு லட்சம் ஆண்டுக்கும் பழைய பனியை எடுத்திருக்கிறார்கள்.

எல்லாம் தூய அறிவுத் தாகம் என்று வாதாட மாட்டேன். கிரீன்லாந்தில் அமெரிக்க ராணுவம் பனிக்கு அடியில் கேம்ப் செஞ்சுரி என்ற முகாமை அமைத்தது. வெளியே ஆராய்ச்சி என்று பேச்சு. உள்ளே அணு ஏவுகணைகளைப் பனிக்குள் ஒளித்துவைக்க முடியுமா என்ற யோசனை. அது நடக்கவில்லை. ஆனால் 1966-இல் அங்கே பனியை அடிவரை, 1,387 மீட்டர், துளைத்தார்கள். அடியிலிருந்து கொஞ்சம் மண்ணும் வந்தது. மண்ணை யார் மதித்தார்கள்? அது உறைபெட்டி மாறி, நாடு மாறி, கடைசியில் எல்லோருக்கும் மறந்தே போனது. 2017-இல் டென்மார்க்கில் உறைபெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது கிடைத்தது. கழுவிப் பார்த்தால் குச்சிகளும் இலைத் துணுக்குகளும்! ஏறக்குறைய நான்கு லட்சம் ஆண்டுக்கு முன் அந்த இடத்தில் பனியே இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். அத்தனை பெரிய பனிப்பாளம் ஒருமுறை அவ்வளவு தூரம் கரைந்திருக்கிறது என்றால் மறுபடியும் கரையலாம். ஏவுகணைக்காகத் தோண்டிய குழியிலிருந்து இப்படி ஒரு செய்தி.

வானத்தில் ஓசோன் படலம் மெலிந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். அண்டார்க்டிகாவில் உள்ள ஹாலி ஆய்வுநிலையத்தில் 1950-களிலிருந்து வருடம் தவறாமல் ஓசோனை அளந்து எழுதிவந்தார்கள். இதை எதற்கு அளந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அங்கேயும் உன்னைப்போல் ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? எண்கள் சரியத் தொடங்கியதும் முதலில் கருவியைத்தான் சந்தேகித்தார்கள். வேறு கருவி வைத்தும் எண்கள் ஏறவில்லை. 1985-இல் அறிவித்தார்கள், 1987-இல் ஓசோனை அரிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தமே வந்துவிட்டது. உலக நாடுகள் இவ்வளவு சீக்கிரம் எதற்காவது கையெழுத்திட்டிருக்கின்றனவா?

மகள் இங்கே அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். 'இருபது வருடமாகத் தொடாதது இனி எதற்கு' என்பது அவள் கட்சி. பாதி குப்பைக்குப் போய்விட்டது. எனக்கும் பெரிய வருத்தமில்லை. ஆனால் விடுதி மொட்டைமாடியில் மழைமானி வைத்து, இரண்டு வருடம் நாம் முறைபோட்டு எழுதினோமே, அந்த நீல அட்டை நோட்டை மட்டும் காணோம். தேர்வு நாளன்றுகூட நனைந்துகொண்டே போய் அளந்தாய். படிப்பு முடிந்து பெட்டி கட்டும்போது அதை நீதான் எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். பரணில் ஒருமுறை தேடிப்பார். கிடைத்தால் எழுது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
விசாலம்