எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கேட்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

பெருமதிப்புக்குரியீர், வணக்கம்.

சுற்றுச்சூழல் நலத்தையும் பணியிட நலத்தையும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக நீங்கள் அளித்த பயிற்சி முடிந்து, நாங்கள் அவரவர் வகுப்பறைக்குத் திரும்பி ஒரு பருவம் கடந்துவிட்டது. இம்மடலைப் பயிற்சியின் இறுதி நாளன்றே எழுதியிருக்கலாம். கற்றதை மாணவர் முன்னால் ஒருமுறையாவது நடத்திப் பார்க்காமல் நன்றி கூறினால் அது சடங்காகிவிடும் என்று கருதியே தாமதித்தோம்.

நச்சியல் வகுப்புகளை நடத்திய அம்மையாருக்கு முதல் நன்றி. அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்னும், மருத்துவர் பாராசெல்சசின் 16ஆம் நூற்றாண்டுக் கருத்தை நாங்கள் இதுவரை ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே கடந்து வந்திருந்தோம். அம்மையாரோ எங்கள் கையில் முள்ளங்கி விதைகளையும் உப்புக் கரைசலையும் கொடுத்தார். 10 மில்லிலிட்டர் கரைசலுடன் 90 மில்லிலிட்டர் நீர் சேர்த்து, அதிலிருந்து மீண்டும் 10 எடுத்து மீண்டும் 90 சேர்த்து, இப்படிப் படிப்படியாக நீர்க்கச் செய்த கரைசல்களை வடிதாள் விரித்த பெட்ரி தட்டுகளில் ஊற்றி விதைகளைப் பரப்பினோம். ஐந்தாம் நாள், வளைந்து கிடந்த ஒவ்வொரு வேரின் மேலும் நூலை வைத்து, அந்த நூலை அளவுகோலில் நீட்டி அளந்தபோது, அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு வரைபடத் தாளில் எங்கள் கண்முன்னே வளைந்து இறங்கியது. உப்பே சேர்க்காத ஒரு தட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. அதைச் சத்தமில்லாமல் குப்பையில் போடப் பார்த்த என்னைத் தடுத்து, நடந்ததை நடந்தபடியே குறிப்பேட்டில் எழுத வைத்தார். இப்போது என் மாணவர்களிடம் நானும் அதே கண்டிப்புடன் இருக்கிறேன்; அவர்கள் அதற்காக அம்மையாருக்கு நன்றி சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

தொழிற்சுகாதார வல்லுநர் ஐயாவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் சற்றே சங்கடமானது. நாங்கள் தயாரித்த மாதிரிப் பாடத்தில் முகக்கவசமும் கையுறையும் முதல் வரியில் இருந்தன; ஆபத்தான பொருளையே நீக்குவது கடைசி வரியில், அதுவும் இடமிருந்ததால், எழுதப்பட்டிருந்தது. ஐயா ஒன்றும் சொல்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி எங்களிடமே நீட்டினார். முதலில் ஆபத்தை அகற்றுவது, இயலாவிட்டால் தீங்கு குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைப்பது, பிறகு இயந்திரத்தை மூடுவதும் காற்றோட்டம் அமைப்பதும், அதன்பின் வேலைமுறையை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் பிறகே உடலில் அணிவன என்ற வரிசை அன்று மனத்தில் பதிந்தது. 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் என்பதை வரம்பாகக் கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்று அவர் விளக்கியபோது, எங்களுடன் இருந்த கணித ஆசிரியர் உடனே கணக்கிட்டு, 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் என்று எழுந்து நின்று அறிவித்தார். மடக்கையை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இனி அவரிடம் பதில் உண்டு.

கல் உடைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்காக வந்து பேசினார். கல்லை உடைக்கும்போது எழும் படிகச் சிலிக்காத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே நுரையீரலின் ஆழம்வரை செல்லும் என்பதை நாங்கள் அதற்கு முந்தைய நாள்தான் படித்திருந்தோம். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். கேள்வி கேட்க எழுந்தவர்கள் அவர் மூச்சு சீராகும்வரை காத்து நின்றோம். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமச்சினி 1700இல் எழுதிவைத்தது ஏன் என்பதற்கு அதைவிட விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவருக்கு எங்கள் பணிவான வணக்கம்.

செவிலியர் சகோதரி, இருட்டில் ஒளிரும் பொடியை ஒரு மேலங்கியில் தூவி, அதை அணிந்தபடி ஒரு பொம்மையைத் தூக்கிக் கொஞ்சச் சொன்னார். விளக்கை அணைத்துப் புறஊதா விளக்கைக் காட்டியதும் பொம்மையின் கன்னமும் கைகளும் ஒளிர்ந்தன. ஈயத்துடன் வேலை செய்பவரின் உடையிலேயே ஈயத் தூசி வீட்டுக்குள் நுழைந்து குழந்தையை எட்டுவதைச் சொல்ல, அந்தப் பொம்மை போதும். எங்களில் பலர் அச்செயல்முறையை வகுப்பில் செய்துவிட்டோம். கோலப்பொடியை வைத்து முயன்ற ஒருவருக்கு மட்டும் அது பலிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்த உதவியாளருக்கும், எங்களை விடுவித்த தலைமையாசிரியர்களுக்கும், அந்நாள்களில் எங்கள் வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும் நன்றி. ஒரு சிறு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன்: முதல் மூன்று நாள்களில் பாடங்கள் நெருக்கியடித்திருந்தன, விதைகளுக்குக் கிடைத்த நேரம் காற்று மாசுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்ததும் எங்கள் பள்ளியின் வேதிப்பொருள் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பெயர்ச்சீட்டு உதிர்ந்த பாட்டில்கள் நான்கு. அவற்றில் ஒன்று, உயிரியல் மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் நச்சுத் திரவமான ஃபார்மலின்; அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை. இத்தனை ஆண்டுகள் அதன் அருகில் நின்றுதான் பாடம் நடத்தியிருக்கிறேன். நீங்கள் சொன்ன முறைப்படி அவற்றைத் தனியே பிரித்து, முறையாக அப்புறப்படுத்துபவர்களிடம் ஒப்படைத்தாயிற்று.

இரவல் தந்த ஒலியளவியை அடுத்த குழுவுக்காகத் திருப்பி அனுப்புகிறோம். அதன் நுரைமூடி சற்றே கிழிந்துள்ளது. மாணவர்கள் சார்பில் மன்னிப்புக் கோருகிறேன், புதியதொன்றையும் உடன் வைத்துள்ளேன்.

நன்றியுடன்,
பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சார்பில்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்