வாங்கிய விளையாட்டு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு எத்தனை ஆண்டுகள் நம்மிடம் நிலைக்கும் என்பதைக் கன்சோல் எனப்படும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை வாங்குவோர் பெரும்பாலும் யோசிப்பதில்லை. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, செல் என்னும் தனிவகைச் செயலியில் இயங்கியதால், அதன் விளையாட்டு வட்டுகளை 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 ஏற்கவில்லை. பழைய பெட்டி பழுதானால் அலமாரியில் உள்ள வட்டுகள் வெறும் காட்சிப்பொருள்தான். கணினியிலோ, 1990-களில் டாஸ் என்னும் பழைய இயங்குதளத்துக்காக வந்த விளையாட்டுகளை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளின் துணையோடு என் மகன் இன்றைய மடிக்கணினியில் ஆடுகிறான் (ஒலியைச் சரிசெய்யவே ஒரு மாலைப்பொழுது போயிற்று என்பது வேறு கதை). ஆயினும் ஸ்டீம் போன்ற இணையக் கடைகள் கணினிக்குத் தருவதும் விளையாட்டின் உடைமையை அன்று, அதை ஆடுவதற்கான உரிமத்தை மட்டுமே; இதை வாங்குவோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. அத்தகைய அறிவிப்பை நம் நாட்டிலும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை