மீன்பாடி வண்டியில் வந்த நைட்ரஜன்

மிக்ஜாம் புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ராத்திரிதான் கரண்ட் வந்தது. எங்கள் ஆய்வகத்து ஸ்டெம் செல்கள் பிழைத்துவிட்டன.

டீசல் கேனைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறிய மாணவர்கள், தன் வீட்டில் தண்ணீர் புகுந்தும் ஜெனரேட்டரை விட்டு நகராத எலக்ட்ரீஷியன், முட்டளவு தண்ணீரில் இட்லிப் பொட்டலம் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மா, எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். காசிமேட்டில் மீன்பாடி வண்டி ஓட்டும் அண்ணன்.

உறையவைத்த செல்களுக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், மைனஸ் 196 டிகிரி. தொட்டியில் நாலு விரக்கடைதான் மிச்சம். கொண்டுவந்த லாரி மூலக்கொத்தளத்திலேயே நின்றுவிட்டது. இந்த அண்ணன்தான் கேனை ஏற்றினார். பாதி வழியில் எஞ்சின் அணைந்ததும் இறங்கித் தள்ளினார். கேன் வாயில் வெள்ளைப் புகை.

"இன்னா டாக்டரம்மா, கொதிக்குதா?"

"இல்லண்ணா, இதுக்கு முன்னாடி உங்க ஐஸ்கட்டியே சுடுதண்ணி."

உள்ளே போகும் செல் எது என்று கேட்டார். குழந்தைக்காக சிகிச்சை எடுத்த தம்பதிகள், மிஞ்சிய கருவைக் கையெழுத்துப் போட்டு ஆய்வுக்குக் கொடுத்ததிலிருந்து வந்தது, உடம்பின் எந்த செல்லாகவும் மாறக்கூடியது என்றேன். 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு இதை முதலில் வளர்த்தபோது நான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவி. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

கொஞ்ச தூரம் பேசாமல் தள்ளினார். அப்புறம், "எந்தம்பி போட்டுலேர்ந்து வுழுந்து இடுப்புக்குக் கீழ வேல செய்யல. இதுல நடப்பானா?"

இருபது வருஷமாக நான் பயப்படும் கேள்வி. 2010-ல் அமெரிக்காவில் ஜெரான் நிறுவனம் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இதிலிருந்து உருவாக்கிய செல்களைச் செலுத்திப் பார்த்தது. அதுவும் அடிபட்டு இரண்டு வாரத்துக்குள். மறு வருஷமே பணம் காரணமாக நிறுத்திவிட்டது.

"இன்னிக்கு இல்லண்ணா. எப்போன்னும் சொல்லத் தெரியல. காசு வாங்கிட்டு ஸ்டெம் செல் ஊசி போடறேன்னு யாராவது சொன்னா போயிடாதீங்க."

தலையை ஆட்டினார். கேனை மாடியேற்றி, என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் ஹாரன். நான் கூப்பிடவில்லை.

"புள்ளைங்களுக்கு தெனமும் சாப்பாடு மாத்தணும்னீங்களே. ஏறுங்க."

பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். இன்குபேட்டரில் வளர்பவற்றுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அவற்றின் சாப்பாடான மீடியா என்ற திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும், விட்டால் இஷ்டத்துக்கு வேறு செல்லாகத் திரும்பிவிடும். கரண்ட் வரும்வரை தினமும் வந்தார். இல்லை என்று சொன்னவளுக்காக. தம்பியைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

அண்ணா, புதன்கிழமை தம்பியைப் பார்க்க வீட்டுக்கு வருகிறேன். நடக்க வைக்க என்னால் முடியாது. ஆனால் படுக்கைப்புண், யூரின் டியூப், பிசியோதெரபி என்று இப்போதே செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. இனி அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், புள்ளைங்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும் என்றீர்களே, அதற்கும் ஒரு நாள் சொல்லுங்கள்.