நீங்கள் தராத பொருளுக்கு நாங்கள் ஏன் கட்டணம் கட்டவேண்டும்?

வீட்டுவாசலுக்குப் பலசரக்கு கொண்டுவரும் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கத்துச் சந்துகளில் உங்கள் பையைச் சுமந்துகொண்டு வழி கேட்டு அலையும் பையன்களுக்கும் தெரியும். ஐப்பசி மழைக்காலத்தில் நான் போட்ட அந்த ஆர்டரின் விவரம் முழுவதும் உங்கள் கணக்கில் இருக்கிறது. என் புகாரும் இருக்கிறது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற உங்கள் பதிலும் இருக்கிறது. வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்குக் கணக்கு வேண்டும்.

கணக்கை நானே சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று உங்கள் செயலியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. நான் போட்ட பொருள்களின் விலை 1,038 ரூபாய். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, கையாளும் கட்டணம் 15 ரூபாய், தொலைதூரக் கட்டணம் 35 ரூபாய், இந்த இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய் என்று சேர்ந்து 1,097 ஆயிற்று. சரி, அவசரம் என்று கட்டிவிட்டேன்.

மறுநாள் பை வந்தது. அதில் 560 ரூபாய்ப் பொருள் ஒன்று இல்லை. இருப்பில் இல்லை என்று நீங்களே நீக்கிவிட்டீர்கள். அந்த 560 ரூபாயைத் திருப்பித் தருவீர்கள் என்று பார்த்தால், வந்தது 460 ரூபாய் 88 காசு. மீதி எங்கே என்று கேட்டேன். "பொருள் நீக்கப்பட்டதால் ஆர்டர் மதிப்பு 999 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. எனவே டெலிவரிக் கட்டணம் 59 ரூபாய், சிறு ஆர்டர் கட்டணம் 25 ரூபாய், இவற்றுக்கான வரி 15 ரூபாய் 12 காசு பிடித்தம் செய்யப்பட்டது" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை எழுதியது மனிதரா இயந்திரமா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருளைத் தராதது நீங்கள். அதனால் ஆர்டரைச் சிறியதாக்கியதும் நீங்கள். சிறிய ஆர்டர் போட்டதற்காக என்னிடம் அபராதம் வாங்கியதும் நீங்கள்.

இல்லாமல் போன அந்தப் பொருள் எது என்பதையும் சொல்லவேண்டும். முதியோருக்கான டயப்பர், லார்ஜ் அளவு. அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். அந்த ஆர்டரில் எனக்குத் தேவையாக இருந்தது அது ஒன்றுதான். சீனி, ரவை, சிறுபயறு, தேயிலை, பப்படம், பாத்திரம் துலக்கும் சோப்பு எல்லாம் அந்த 999ஐ எட்டுவதற்காகப் போட்டவை. வீட்டில் சீனி இருந்தது. பப்படம் இல்லாமல் ஒருவரும் சாகப்போவதில்லை. கட்டணத்திலிருந்து தப்பிக்க வாங்கிய சாதனங்களெல்லாம் கட்டணத்தோடு வந்து சேர்ந்தன, எதற்காக வாங்கினேனோ அது வரவில்லை. 478 ரூபாய்ச் சாதனங்களுக்கு நான் கொடுத்தது 636 ரூபாய் 12 காசு.

"பக்கத்துக் கடையில் வாங்கவேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் நல்லவர், பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசியும் வெளிச்செண்ணெயும் (தேங்காய் எண்ணெய்) கொடுத்தனுப்புவார். அவரிடம் டயப்பர் கிடையாது. மருந்துக் கடையில் நடுத்தர அளவுதான் பெரும்பாலும் இருக்கும், லார்ஜ் வேண்டுமென்றால் மார்த்தாண்டம் போகவேண்டும். நான் மார்த்தாண்டம் போகவேண்டுமானால் பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவின் அருகில் உட்காரவேண்டும். அக்காவுக்கும் வீடு, பிள்ளை, ஆடு எல்லாம் உண்டு. இதற்காகத்தான் உங்களைப் போன்றவர்களைத் தேடி வருகிறோம், சோம்பல்பட்டு அல்ல.

டயப்பர் வராத அந்த இரவுகளில் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்தேன். அப்பாவின் வேட்டிகள், துவைத்துத் துவைத்து மெலிந்துபோனவை, ஈரத்தைத் தாங்கவில்லை. இரவில் எழுந்து எழுந்து மாற்றவேண்டியிருந்தது. வெளியே விடாத மழை, துவைத்துப் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கக் கயிறு கட்டித் துணி தொங்கியது. அடுப்பின் அருகில் பிடித்துச் சூடாக்கி, அரைகுறை ஈரத்தோடு மறுபடியும் விரித்தேன். அம்மாவுக்குப் பேச்சு சரியாக வராது. ஆனால் இன்னும் வெட்கப்படத் தெரியும். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடுப்பின் கீழே தோல் சிவந்து, படுக்கைப்புண் ஆகிவிடுமோ என்று பயந்து களிம்பு தடவினேன். உங்கள் அலுவலகத்தில் இதற்குப் பெயர் "இருப்பில் இல்லை". ஆர்டரை ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே இல்லை என்று சொல்லியிருந்தால் அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டுவிட்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறியிருப்பேன்.

எனவே என் கோரிக்கை: நீங்கள் தராத பொருளுக்காக எங்களிடம் கட்டணம் பிடிக்காதீர்கள். ஆர்டர் போட்ட நேரத்தில் இருந்த தொகைதான் கணக்கு. அதன்பிறகு உங்கள் கிடங்கில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது உங்கள் பாடு.

இனி அந்தத் தொலைதூரக் கட்டணம். என் சித்தி எல்லைக்கு அப்பால், கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறாள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் இடையே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறையை எண்ணுவதற்குள் இறங்கிவிடும் தூரம்தான். அவளுடைய பின்கோடு 695இல் தொடங்குகிறது, அவளுக்கு இந்தக் கட்டணம் இல்லை. என்னுடையது 629இல் தொடங்குகிறது, எனக்கு 35 ரூபாய். காரணம் கேட்டதற்கு "வேறு மாநிலம்" என்றார் தொலைபேசியில் பேசியவர். ஐயா, விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் ஆகிய எங்கள் வட்டங்கள் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1இல். அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் மாநிலம் வேறென்றால் வரியும் கூடும் என்று காரணம் காட்டாதீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் பாதி மத்திய வரி, பாதி மாநில வரி. எல்லை தாண்டி விற்றால் இரண்டும் சேர்ந்து ஒருங்கிணைந்த வரி. வாங்குகிறவர் கட்டும் மொத்த விகிதம் இரண்டிலும் ஒன்றுதான்.

கேரளத்திலிருந்து கோழிக்கழிவும் மருத்துவமனைக் குப்பையும் ஏற்றிய லாரிகள் இந்த எல்லையில் பிடிபட்ட செய்தி பத்திரிகையில் வருகிறது. எங்கள் தோட்டங்களிலும் ஓடைக்கரைகளிலும் கொட்டுவதற்கு அவர்களுக்கு இஞ்சிவிளை எல்லை தாண்டி வழி தெரிகிறது. தொலைதூரக் கட்டணம் என்று எங்களிடம் இதுவரை ஒரு காசும் கேட்டதில்லை. உங்கள் ரவைப் பொட்டலத்துக்குத்தான் அது பரதேசப் பயணம். கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது, மன்னிக்கவும். தூரத்துக்குக் கட்டணம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வண்டிக்கு எரிபொருள் வேண்டும், ஓட்டுகிற பையனுக்குக் கூலி வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பின்கோடு அடித்த உடனேயே சொல்லிவிடுங்கள்: உங்கள் ஊருக்கு இவ்வளவு ஆகும், குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு, கையாளும் கட்டணம் இவ்வளவு, வரி இவ்வளவு. அரை மணி நேரம் கூடையை நிரப்பி, முகவரி கொடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபிறகு ஒவ்வொன்றாக நீட்டாதீர்கள். டீ 12 ரூபாய் என்று பலகையில் எழுதிவிட்டு, குடித்து முடித்தவனிடம் தம்ளர் கழுவிய காசு தனி என்று கேட்கும் டீக்கடை எங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்காது.

எந்தச் சேவை நமக்குச் சரிப்படும் என்று தேர்ந்தெடுக்க நானும் முயன்றேன். விலையை வைத்து ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் சீனியில் நான்கு ரூபாய் குறைத்துக் காட்டி, கட்டணத்தில் நாற்பது ரூபாய் வாங்குகிறார். இன்னொருவர் ஆண்டுச் சந்தா கட்டினால் டெலிவரி இலவசம் என்கிறார், ஆனால் கையாளும் கட்டணமும் தொலைதூரக் கட்டணமும் சந்தாவுக்குள் அடங்காது என்பது மிகச்சிறிய எழுத்தில் இருக்கிறது. எண்ணெய் உறையின் படம் லிட்டர் உறையைப் போலவே இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் 800 மில்லி. வெளிச்செண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிய 2025ஐப் பார்த்தவர்களுக்கு அந்த 200 மில்லியின் அருமை தெரியும். கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று அலகு விலை காட்டவேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதிகளில் இருக்கிறது. உங்கள் செயலியில் அது எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கண்ணாடி போடவேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டணங்கள் யாரைத் தாக்குகின்றன என்று பாருங்கள். டெலிவரிக்கும் சிறு ஆர்டருக்குமான 84 ரூபாயும் அதன் வரியும், 2,500 ரூபாய்க்கு வாங்குபவருக்குக் கிடையாது. 500 ரூபாய்க்கு வாங்குபவருக்கு ஏறக்குறைய இருபது சதவீதம். எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் வீடுகள் நிறைய. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அவர்கள் மாதச் சாமான் முழுவதையும் ஒரே நாளில் வாங்குகிறவர்கள் அல்லர். "சிறு ஆர்டர்" என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது அவர்களுடைய முழு ஆர்டர்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல, உங்களிடம் வக்கீல்கள் இருப்பார்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரி, கையாளுதல், வரி உள்ளிட்ட எல்லாக் கட்டணங்களையும் பிரித்தும் காட்டவேண்டும் என்கின்றன. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது அவற்றில் ஒன்று. வாங்குவதை உறுதிசெய்தபிறகு, காட்டிய தொகைக்கு மேல் வாங்குவதும் அதே தலைப்பில்தான் வருகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் என் கைபேசியில் பதிவாகி இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை. உங்களிடம் ஒருமுறை முறையாகக் கேட்டுவிட்டு அழைக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

பை கொண்டுவந்த பையன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முழங்கால்வரை நனைந்து நின்றான். பொருள் குறைகிறதே என்று கேட்டதற்கு, "எனக்குக் கட்டிய பையைத்தான் தருகிறார்கள் அக்கா" என்றான். அவனுக்கு நட்சத்திரம் குறைத்து, அவன் கூலியில் கைவைத்துவிடாதீர்கள்.

மறுபடியும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பின்கோடு அடித்ததும் எல்லாக் கட்டணத்தையும் காட்டுங்கள். நீங்கள் தராத பொருளுக்காக எங்களிடம் பணம் பிடிக்காதீர்கள். முதியோர் டயப்பர், குழந்தைப் பால்மாவு போன்றவை இருப்பில் உள்ளனவா என்று பார்த்தபிறகே பணத்தை வாங்குங்கள், முக்கியமான பொருள் இல்லையென்றால் முழு ஆர்டரையும் ரத்துசெய்யும் உரிமையை எங்களுக்கு விடுங்கள்.

என் 460 ரூபாய் 88 காசு உங்கள் செயலியின் வாலெட்டில் கிடக்கிறது. மறுபடியும் உங்களிடமே வாங்கினால்தான் செலவழிக்க முடியும், அதற்கும் ஒரு கடைசித் தேதி போட்டிருக்கிறீர்கள். அதையும், பிடித்த 99 ரூபாய் 12 காசையும் சேர்த்து 560 ரூபாயாக, நான் பணம் கட்டிய வங்கிக் கணக்குக்கே அனுப்பிவையுங்கள். கணக்கு எண்ணை மறுபடி கேட்கவேண்டாம், உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
களியக்காவிளைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருத்தி