கேபிளுக்குச் சங்கீத ஞானம் உண்டா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது, அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பிலிருந்து டிஏசிக்கு (பிட்டுகளைப் பாட்டுச் சத்தமாக மாற்றும் அந்தப் பெட்டிக்கு) மாட்ட நீ பார்த்து வைத்த அந்த 18,000 ரூபாய் யூஎஸ்பி கேபிளை வாங்காதே. "பேஸ் இறங்கிக் கேட்கும், குரல் முன்னால் வந்து நிற்கும்" என்றாராமே கடைக்காரர்? அந்தக் கம்பியில் பேஸும் போகவில்லை, குரலும் போகவில்லை; வெறும் பிட்டுகள், அதாவது 0, 1 என்ற எண்கள். சிடி தரத்துப் பாட்டுக்கு நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள். சாதாரண யூஎஸ்பி 2.0 இணைப்பின் வேகமோ நொடிக்கு 48 கோடி.

ஆனால் பாட்டு ஓட்டுவதும் கோப்பை நகலெடுப்பதும் ஒன்றா என்று கேட்டிருந்தாய் பார், அது நல்ல கேள்வி. ஒன்றில்லை. இரண்டிலும் பிட்டுகள் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். நகலெடுக்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தோடும் சிஆர்சி என்று ஒரு சரிபார்ப்பு எண் போகும். வாங்கும் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் மறுபடி அனுப்ப வைக்கும். அதனால் மட்டமான கேபிள் என்றால் வேகம் குறையும், இல்லை இணைப்பே அறுந்துபோகும். பாட்டில் அந்த மறுவாய்ப்பு கிடையாது. நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் அங்கே முக்கியம். கெட்ட பொட்டலம் போனது போனதுதான். அப்படிப் போனால் 'டிக்' என்று ஒரு சத்தம், அல்லது சட்டென்று ஒரு வெட்டு. மற்றதெல்லாம் நன்றாக இருந்து வயலின் மட்டும் லேசாக மங்குமா? பிட் பிழைக்கு அவ்வளவு சங்கீத ஞானம் இல்லை.

அடுத்து கடைக்காரர் ஜிட்டர் என்ற அஸ்திரத்தை எடுப்பார், அதாவது பிட்டுகள் வரும் நேரத்தில் உண்டாகும் சின்னத் தடுமாற்றம். நீ வாங்கிய டிஏசி அசிங்க்ரனஸ் வகை. வரும் பிட்டுகளைத் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கடிகாரப்படி வெளியே விடும். கம்பிக்கு அந்த நேரக்கணக்கில் வேலையே இல்லை. பழைய கோஆக்சியல் இணைப்பில் கடிகாரமும் சிக்னலோடு சேர்ந்தே வருவதால் பேச்சுக்கு இடமுண்டு. அதற்கும் ஒழுங்கான 75 ஓம் கேபிள் போதும், விலை சில நூறுதான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். லேப்டாப் சார்ஜர் மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று கேட்டால் அது கற்பனை இல்லை. கிரவுண்ட் வழியாக வரும் மின் இரைச்சல் டிஏசியின் அனலாக் பகுதிக்குள், அதாவது பிட்டுகள் ஒலி அலை வடிவ மின்சாரமாக மாறிய பிறகு போகும் பகுதிக்குள், நுழைகிறது. சார்ஜரைக் கழற்றிப் பார், அல்லது ஆப்டிகல் இணைப்புக்கு மாறு. கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ மின்சாரம் பாயாது.

போன மாதம் என் கம்ப்யூட்டரில் நகலெடுப்பது ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்ற பட்டியலில் 199ஆம் எண்ணுள்ள வரி சிஆர்சி பிழைகளை எண்ணி வைக்கும். அது ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், எண்ணிக்கை அங்கேயே நின்றது. ஏற்கெனவே நகலெடுத்தவற்றை ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற ஒரு கணக்கு) போட்டு மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டேன், ஒன்றுகூட மாறவில்லை. கோப்பு கெடுவதென்றால் பெரும்பாலும் வேறு வழியில்தான்: சாகப்போகும் டிஸ்க், பழுதான ராம், எழுதி முடிக்கும் முன் பென் டிரைவைப் பிடுங்கும் உன்னைப் போன்றவர்கள்.

அப்பாவின் நாகஸ்வரக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றப் போகிறாயே, அந்தப் பணத்தை அங்கே போடு. டெக்கின் ஹெட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடை. ஹெட்டின் சாய்வை மாற்றும் அசிமுத் திருகை ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால் கேட்டுச் சரிசெய். ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மேல் ஸ்தாயிப் பளபளப்பு போய்விடும், பிறகு எந்தக் கேபிளாலும் மீட்க முடியாது. டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கம்பி அனலாக், அதற்கு மட்டும் நல்ல ஷீல்டு உள்ளதாக, குட்டையாக வாங்கு.

மாற்றி முடித்ததும் எம்பி3 ஆக்காமல் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பொங்கலுக்கு வருகிறாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
ரகு