இரவு வேலைக்குப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். மழை தொடங்கிவிட்டது, காலபோகத்துக்கு உழப் போகிற ட்ரக்டரெல்லாம் கராஜ் வாசலில் நிற்கிறது. கொம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. சரி, அதை விடு.

ஹெலிகளில் வெடிப்புப் பார்க்கிற உனக்கு இப்போது தொடர்ந்து இரவு வேலை என்று ஒஸ்லோவில் இருக்கும் மச்சான் சொன்னான். வேலையிடத்தில் ஏதோ கதை நடந்தது என்றும் இழுத்தான், நான் மேலே கேட்கவில்லை. நீ நித்திரை கொள்கிறாயா? அதைத்தான் கேட்கிறேன்.

போன முறை வந்தபோது நீ வெடிப்பைக் கண்டுபிடிக்கப் பூசுகிற அந்தச் சிவப்புச் சாயத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. நாங்களும் ட்ரக்டர் அச்சைக் கழுவி, மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, துடைத்துவிட்டு வெண்கட்டித் தூள் பூசுவோம். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து மயிர் மாதிரி ஒரு கோடு எழும்பும். ஊறுகிற நேரத்தைக் குறைக்கிறவன்தான் பிழைவிடுவான். துடைக்கும்போது கழுவுகிற திரவத்தை நேரே அடிக்கக் கூடாது, வெடிப்புக்குள் இருக்கிற சாயமும் போய்விடும் என்று நீயே சொன்னாய். தகடுகளைப் பொருத்துகிற ரிவெட் ஆணியின் தலையைச் சுற்றிக் கருந்தூள் படிந்திருந்தால் அது ஆடுகிறது என்றும் சொன்னாய். இதெல்லாம் நித்திரை முழித்த கண்ணுக்குத் தெரியாது தம்பி. நித்திரை கொள்.

2016 ஏப்ரல் 29, நோர்வேயில் பேர்கனுக்குப் பக்கத்தில் விழுந்த சூப்பர் பியூமா ஹெலியில் இருந்த 13 பேரும் போய்விட்டார்கள். அது கியர்பெட்டிக்குள் ஒரு பற்சக்கரத்தில், வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வளர்ந்த வெடிப்பு. நீ பார்ப்பது உடம்புச் சட்டம், வால் வந்து பொருந்துகிற இடம், ரிவெட் துளைகள். அங்கே வெடிப்பு டோர்ச்சுக்கும் கண்ணாடிக்கும் அகப்பட வழியிருக்கிறது, பார்க்கிறவனுக்குக் களைப்பு இல்லையென்றால்.

ஹெலிச் சத்தம் கேட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடின ஊர் இது. இன்றைக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற சனம் உன் கையெழுத்தை நம்பி ஏறுகிறது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் பெற்ற தாய்க்கு ஒரு கோல் எடுக்க உனக்கு நேரமில்லை. அவள் சாப்பாட்டுக்கு இருக்கும்போதும் போனைப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நீ ஒன்றைக் கண்டு மெஷினை நிறுத்தி வைத்து, அதனால் உன்னோடு கோபித்தார்கள் என்றால் கோபிக்கட்டும். நிறுத்தினது சரி. ஒன்றைக் காணாமல் விட்டுவிட்டாயோ என்று உனக்குச் சந்தேகம் என்றாலும் வாய் திறந்து சொல்லு, ஹெலியின் மூடுதகட்டைக் கழற்றி இன்னொருக்கால் பார்க்கலாம். வேலை போனாலும் வேறு வேலை இருக்கு. களைப்பென்றால் களைப்பென்று சொல்லு, அந்த இரவு கையெழுத்து வைக்காதே. நித்திரை கொள்.

ஞாயிறு பின்னேரம் கராஜைப் பூட்டிவிடுகிறேன், உனக்கு அங்கே மத்தியானம். எடு. கொம்மாவுக்குத் தெரியாமல் கதைக்க வேண்டுமென்றால் என் போனுக்கே எடு.

அப்பா