பிளாண்டயர் போகும் தோழிக்கு

கிலிஃபி, கென்யா

அன்புள்ள கலா,

மலாவியின் பிளாண்டயரில் மருத்துவ ஆராய்ச்சி வேலை உறுதியாகிவிட்டது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ஸ்வாஹிலியிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. மண் சாலையில் மோட்டார் சைக்கிள் வழுக்குவதால், ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போகும் எங்கள் களப்பணியாளர்கள் திரும்பி வர இருட்டிவிடுகிறது. கடைசி ஆள் வந்து சேரும்வரை எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது.

இத்தனை களப்பணியாளர்களை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று கேட்டிருந்தாய். மேய்ப்பதை விடு, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் முதல் வேலை. பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பிள்ளைகள். ஆர்.டி.எஸ்.,எஸ் மலேரியா தடுப்பூசியை 2009 முதல் 2014 வரை 7 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள் அல்லவா, கிலிஃபியும் அதில் ஒரு மையம். அப்படிப்பட்ட சோதனை எதுவும் இவர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்காமல் நடக்காது.

இங்கே ஒரு தாய் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வது அபூர்வம். ஆராய்ச்சிக்குப் பிள்ளையின் ரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்டு வந்திருக்கும் களப்பணியாளன் தெரிந்த வீட்டுப் பையன், சில சமயம் சொந்தக்காரன். எடுக்கப்போகும் ரத்தம் ஒரு டீஸ்பூன் அளவுதான் என்று அவன் ஸ்பூனையே காட்டி விளக்குவான். அவளும் தலையாட்டிப் படிவத்தில் கைநாட்டு வைத்துவிடுவாள். ரத்தம் எடுக்கும் நாளில் போனால் வீடு பூட்டியிருக்கும். பிள்ளை பாட்டி வீட்டில். அடுத்த தடவையும் அதே கதை. 'வீட்டில் ஆள் இல்லை' என்று பதிவாகும். ஆனால் அவனுக்கு உண்மை தெரியும். கணவனுக்கோ மாமியாருக்கோ இஷ்டமில்லை. மறுத்தால் இலவச வைத்தியம் நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். இது சொல்லாமல் சொன்ன மறுப்பு. இந்த நேரத்தில் இலக்கு முடியவில்லை என்று நீ நெருக்கினால், அவன் மூன்றாம் முறையும் போய் அந்த வாசலில் நிற்பான், இல்லாவிட்டால் எதையாவது எழுதி நிரப்புவான். அந்தத் தாய்க்கும் அநியாயம், ஆராய்ச்சிக்கும் கேடு. அதற்கு அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

வாரத்தில் ஒரு மணி நேரமாவது எண்ணிக்கைப் பேச்சில்லாமல் களப்பணியாளர்களோடு உட்கார். எந்த வீட்டில் மனசு உறுத்தியது என்று மட்டும் கேள். அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கும் அதிகாரம் உள்ளவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டாம்; இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பண விஷயமும் உண்டு. உகாலி என்ற மக்காச்சோளக் களி கிண்டக்கூட மாவில்லாத வீட்டில் நூறு கேள்வி கேட்டுவிட்டு எப்படி எழுந்து வருவது? கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், அதுவும் சொற்பச் சம்பளத்திலிருந்து. இதற்கென்று திட்டச் செலவிலேயே ஒரு சிறு தொகை ஒதுக்கச் சொல்லிச் சண்டை போடு. பட்ஜெட் கையெழுத்தாகும் முன்பே போடு.

மலாவியில் இன்னொன்றை மறக்காதே. 2017-இல் அங்கே தெற்கு மாவட்டங்களில் ரத்தம் உறிஞ்சுகிறார்கள் என்ற வதந்தி பரவி, கும்பல்கள் ஆட்களை அடித்தே கொன்றன. முலாஞ்சே, ஃபலோம்பே மாவட்டங்களிலிருந்து ஐ.நா. தன் ஊழியர்களை வெளியேற்றியது. வெளியூர்க்காரர் வண்டியேறிவிடலாம். களப்பணியாளருக்கு வீடே அந்த ஊர்தான், எங்கே போவார்? ஆகவே ரத்த மாதிரி எடுக்கத் தொடங்கும் முன் ஊர்த் தலைவர்களிடம் நீயே நேரில் போய்ப் பேசு. 'இன்று அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டாம்' என்று உன் ஆள் சொன்னால், காரணம் கேட்டு வாதாடாமல் அன்றைய வேலையை நிறுத்து.

ஒரு களப்பணியாளருக்கு எத்தனை வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுது, அதிகமா குறைவா என்று சொல்கிறேன். ஜூன், ஜூலையில் பிளாண்டயரில் நல்ல குளிர். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துப் போ. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தேவி